மாட்டு வயிற்றுக்குள் ஒரு புரத ஆலை! வைக்கோலில் யூரியா கலக்குறவங்க உஷார்

கள்ளக்குறிச்சி:

கரும்பு வெட்டினால் சோகை, நெல் அறுத்தால் வைக்கோல், கச்சிராயபாளையம், மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைகளில் மலைபோல சக்கை. நம்ம மாவட்டத்தில் இதுக்கு பஞ்சமே இல்லை. ஆனால் கோடை வந்தால் கல்வராயன் மலையடிவாரத்தில் மாட்டுக்கு தீனி இல்லை என்ற புலம்பல்தான். புண்ணாக்கு விலையை கேட்கவே வேணாம்.

சக்கை, சோகை, வைக்கோல் எல்லாத்திலும் இருப்பது செல்லுலோஸ் என்ற நார்ப்பொருள். மனுஷ வயிறு இதை செரிக்காது. சில பாக்டீரியாக்கள் இதை தின்று பெருகும். பெருகிய பாக்டீரியாவை காய வைத்தால் அதில் சுமார் பாதி புரதம்தான்!

இதை ஆலையிலேயே செய்து பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் கரும்பு விளையும் லூசியானா மாநில பல்கலைக்கழகத்தில், 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காலிஹான், டன்லப் என்ற இருவர், செல்லுலோமோனாஸ் என்ற பாக்டீரியாவை கரும்புச் சக்கையில் வளர்த்து புரதம் எடுத்துக் காட்டினார்கள். சக்கை இளக முதலில் அதை காரத்தில் வேக வைக்கணும். செலவு எகிறியது. வியாபாரமாக நிற்கவில்லை.

அதே வேலை நம்ம மாட்டுக் கொட்டகையில் தினமும் சும்மாவே நடக்குது. மாட்டின் முதல் வயிற்றில் ஒரு சொட்டு நீரில் கோடிக்கணக்கான பாக்டீரியா. வைக்கோலை தின்று பெருகும் அதுகள் அடுத்தடுத்த வயிற்றுக்கு போனதும் செரிமானம் ஆகி, மாட்டுக்கு புரதமாகிறது. பச்சை சைவம்னு நாம நினைக்கிற மாடு தின்பது பாதி பாக்டீரியாதான் போங்க!

சிக்கல் என்னன்னா, வெறும் வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான். பாக்டீரியா பெருக நைட்ரஜன் போதாது. அதுக்குத்தான் யூரியா வைத்தியம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 65 லிட்டர் தண்ணீர். முழுசா கரைத்து, வைக்கோலை அடுக்கடுக்காக பரப்பி தெளித்து மிதித்து, காற்று புகாமல் பிளாஸ்டிக் ஷீட்டால் 21 நாள் மூடணும். யூரியாவிலிருந்து கிளம்பும் அமோனியா, லூசியானாவில் காரம் செய்த வேலையை செய்து நாரை இளக்கும். புரத அளவும் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். வாடை போக காற்றாட விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக பழக்கணும். 6 மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு கூடவே கூடாது.

அவசரப்பட்டு யூரியாவை நேரா தீவனத்தில் தூவினாலோ, கரைத்த தண்ணீரை மாடு குடித்தாலோ போச்சு. அமோனியா ரத்தத்தில் ஏறி, வயிறு உப்பி, நுரை தள்ளி, நடுங்கி, சில மணி நேரத்தில் மாடு செத்துடும். கரைத்த வாளியை மாடு எட்டுற இடத்தில் வைக்காதீங்க. அறிகுறி தெரிஞ்சா நேரம் கடத்தாமல் கால்நடை ஆம்புலன்சுக்கு 1962-க்கு போன் போடுங்க.