கிளட்ச் நெம்புகோல் சுவிட்ச்

கிளட்ச் நெம்புகோல் சுவிட்ச் என்பது மோட்டார் சைக்கிளின் இடப்பக்கக் கைப்பிடியில், கிளட்ச் நெம்புகோல் பொருத்தப்பட்ட இடத்தை ஒட்டி அமைந்திருக்கும் சிறிய மின்சுவிட்ச் ஆகும். நெம்புகோல் பிடிக்கப்பட்டுள்ளதா, விடப்பட்டுள்ளதா என்ற ஒரே செய்தியை இது வண்டியின் மின்சுற்றுக்குத் தெரிவிக்கிறது. ஸ்டார்ட் பட்டனை அழுத்தும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் சுழலலாமா, கூடாதா என்பது இச்செய்தியைப் பொறுத்தே முடிவாகிறது. புதிய வண்டிகள் சிலவற்றில் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினின் நடத்தையும் இதனால் மாறுகிறது.

கிளட்ச் வேறு, சுவிட்ச் வேறு

எஞ்சினின் சுழற்சியைக் கியர்பெட்டிக்குக் கடத்துவதும், தேவையானபோது துண்டிப்பதும் கிளட்ச்சின் வேலை. நெம்புகோலைப் பிடித்தால் கிளட்ச் கேபிள் இழுபட்டு, எஞ்சினுக்குள் எண்ணெயில் நனைந்திருக்கும் கிளட்ச் தட்டுகள் ஒன்றையொன்று விட்டு விலகுகின்றன. இது முழுக்க இயந்திரச் செயல்; இதில் மின்சாரத்துக்கு வேலை இல்லை.

அதே நெம்புகோல் அசையும்போது அதன் அடிப்பகுதி சுவிட்ச்சின் சிறு முனையையும் அழுத்துகிறது அல்லது விடுவிக்கிறது. ஆகவே சுவிட்ச் கெட்டுப்போனாலும் கிளட்ச் வழக்கம்போல் வேலை செய்யும். கியர் மாற்றுவதில் எந்தச் சிக்கலும் இருக்காது. கேபிள் அறுந்துபோனால் கிளட்ச் வேலை செய்யாது; ஆனால் சுவிட்ச் அப்போதும் "நெம்புகோல் பிடிக்கப்பட்டுள்ளது" என்றே சொல்லும். சுவிட்ச் அறிவது நெம்புகோலின் நிலையை மட்டுமே, கிளட்ச் தட்டுகளின் நிலையை அல்ல. இவ்வேறுபாட்டை நினைவில் கொண்டால் இப்பொருளில் வரும் குழப்பங்கள் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அமைப்பு

சுவிட்ச்சின் உள்ளே இரண்டு உலோகத் தொடுமுனைகளும் ஒரு சிறு சுருள்வில்லும் இருக்கும். வெளியே பிளாஸ்டிக் முனை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் இரண்டு ஒயர்கள் இதிலிருந்து புறப்பட்டு, முகப்பு விளக்குக்குப் பின்னால் உள்ள ஒயர் தொகுப்போடு சேரும். ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள வண்டிகளில் கேபிளுக்குப் பதில் திரவம் இருந்தாலும், நெம்புகோலின் அருகில் இதே வகைச் சுவிட்ச் உண்டு.

ஸ்டார்ட்டர் சுற்றில் இதன் பங்கு

ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மிக அதிகமான மின்னோட்டம் தேவை. கைப்பிடியில் உள்ள சிறு பட்டன் அதைத் தாங்காது. எனவே பட்டன் ஒரு ரிலேயின் கம்பிச்சுருளுக்கு மட்டும் குறைந்த மின்னோட்டம் அனுப்புகிறது. ரிலே மூடிக்கொண்டு, பேட்டரியிலிருந்து மோட்டாருக்குத் தடித்த ஒயர் வழியே பெரிய மின்னோட்டத்தை அனுப்புகிறது. இந்த ரிலேயின் சுருளுக்குச் செல்லும் பாதையில்தான் பாதுகாப்புச் சுவிட்ச்சுகள் காவல் நிற்கின்றன.

பரவலாக உள்ள ஓர் அமைப்பில் அப்பாதை முழுமையடைய இரண்டு வழிகள் உண்டு.

1. கியர்பெட்டி நியூட்ரலில் இருக்க வேண்டும். அப்போது நியூட்ரல் சுவிட்ச் மூடியிருக்கும்.
2. கியரில் இருந்தால், கிளட்ச் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். சைடு ஸ்டாண்ட் சுவிட்ச் உள்ள வண்டிகளில் ஸ்டாண்டும் மடக்கப்பட்டிருக்க வேண்டும்.

பள்ளி இயற்பியலின் மொழியில் சொன்னால், கிளட்ச் சுவிட்ச்சும் சைடு ஸ்டாண்ட் சுவிட்ச்சும் தொடரிணைப்பில் உள்ளன. இரண்டும் மூடினால்தான் மின்னோட்டம் பாயும். அந்த இணையும் நியூட்ரல் சுவிட்ச்சும் பக்க இணைப்பில் உள்ளன; ஏதாவது ஒரு வழி மூடினால் போதும். லாஜிக் கேட் படிக்கும் மாணவர்கள் முதலாவதை "மற்றும்" கேட் என்றும், இரண்டாவதை "அல்லது" கேட் என்றும் அடையாளம் காணலாம். கிளட்ச் வழியாக வரும் மின்னோட்டம் நியூட்ரல் விளக்கைத் தவறாக எரியவிடாமல் தடுக்க இடையில் ஒரு டையோடு இருக்கும்.

எல்லா நிறுவனங்களும் ஒரே முறையைப் பின்பற்றுவதில்லை. நியூட்ரலில் இருந்தாலும் கிளட்ச்சைப் பிடித்தால் மட்டுமே ஸ்டார்ட் ஆகும்படி அமைக்கப்பட்ட வண்டிகளும் உண்டு.

ஏன் இந்தக் காவல்?

1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கியபின் தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடிய பழைய புல்லட்டுகளுக்கு இச்சுவிட்ச் தேவைப்படவில்லை. அவற்றைக் காலால் உதைத்தே கிளப்ப வேண்டும். வண்டி நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உதைப்பது ஓட்டுபவரின் பழக்கம். பட்டன் ஸ்டார்ட் வந்ததும் நிலைமை மாறியது. விரல் நுனியால் யாரும், சிறு குழந்தைகூட, எஞ்சினைச் சுழற்றிவிட முடியும்.

முதல் கியரில், கிளட்ச் பிடிக்காமல், ஸ்டார்ட்டர் மோட்டார் சுழன்றால் என்ன ஆகும்? எஞ்சினின் தண்டு சுழலும். கிளட்ச் இணைந்திருப்பதால் கியர்பெட்டியும் பின்சக்கரமும் சேர்ந்து சுழலும். எஞ்சின் தீப்பற்றும் முன்பே வண்டி முன்னோக்கித் துள்ளும். எஞ்சின் தீப்பற்றிக்கொண்டால் துள்ளல் நிற்காமல் ஓட்டமாக மாறலாம். இதைத் தடுப்பதே கிளட்ச் சுவிட்ச்சின் முதன்மையான நோக்கம்.

நெரிசலான சாலையில் இதன் பயன்: அடி அண்ணாமலை

இச்சுவிட்ச்சின் இருவகைப் பயனையும் திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் எளிதாகக் காணலாம். 14 கி.மீ. நீளமுள்ள இப்பாதை செங்கம் சாலையிலிருந்து பிரிந்து, மலையின் மேற்குப் புறத்தில் அடி அண்ணாமலை ஊர் வழியாகச் சுற்றி நகரை அடைகிறது. பௌர்ணமியிலும் கார்த்திகைத் தீபத்தின்போதும் வாகனங்கள் கட்டுப்படுத்தப்படுகின்றன. மற்ற நாட்களில் வெறுங்காலுடன் நடப்பவர்கள், ஆட்டோக்கள், மாடுகள், உள்ளூர் இரு சக்கர வண்டிகள் எல்லாம் ஒரே சாலையைப் பகிர்ந்துகொள்கின்றன.

இப்படிப்பட்ட சாலையில் முதல் அல்லது இரண்டாம் கியரில் ஊர்ந்து செல்லும் வண்டி திடீரென்று நின்றுபோவது இயல்பு. சுவிட்ச் சரியாக இருந்தால், கியரை மாற்றாமல் கிளட்ச்சைப் பிடித்துப் பட்டனை அழுத்தினால் போதும். வண்டி உடனே கிளம்பும். சுவிட்ச் வேலை செய்யாவிட்டால், பின்னால் ஹாரன் ஒலிக்க, காலால் தடவித் தடவி நியூட்ரலைத் தேட வேண்டும். இது வசதி சார்ந்த பயன். முன்னால் வெறுங்காலுடன் நடப்பவர் மேல் வண்டி துள்ளிவிடாமல் இருப்பது பாதுகாப்பு சார்ந்த பயன். முதலாவது போனால் உடனே தெரியும். இரண்டாவது போனால் வெளியே தெரியாது.

ஓடும் எஞ்சினில் இதன் தாக்கம்

கார்புரேட்டர் கொண்ட பழைய வண்டிகளில் கிளட்ச் சுவிட்ச் ஸ்டார்ட் செய்வதோடு தன் வேலையை முடித்துக்கொள்ளும். இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 மாசுக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தபின், மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலும் பியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. எரிபொருள் அளவையும் தீப்பொறி நேரத்தையும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி (ஈ.சி.யு.) முடிவு செய்கிறது. சில மாதிரிகளில் கிளட்ச் சுவிட்ச்சின் செய்தியும் அப்பெட்டிக்குச் செல்கிறது. அதன் விளைவுகள் மாதிரிக்கு மாதிரி மாறும்.

- குறைந்த வேக உதவி: சுசுகி எஸ்.வி.650 போன்ற வண்டிகளில், நின்ற நிலையிலிருந்து கிளட்ச்சை விடும்போது எஞ்சின் அணைந்துவிடாதபடி அதன் சுழற்சி சற்றே உயர்த்தப்படுகிறது.
- குரூஸ் கன்ட்ரோல்: ஒரே வேகத்தில் வண்டியைச் செலுத்தும் இவ்வசதி, கிளட்ச்சைப் பிடித்த கணமே விடுபட வேண்டும். விடுபடாவிட்டால், சுமை நீங்கிய எஞ்சின் வீணாக அதிவேகத்தில் சுழலும்.
- குயிக் ஷிஃப்டர்: கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்றும்போது இவ்வசதி ஒரு கணம் எஞ்சின் விசையைத் துண்டிக்கிறது. கிளட்ச் பிடித்திருந்தால் அத்துண்டிப்பு தேவையில்லை என்பதைச் சுவிட்ச் சொல்கிறது.

இத்தகைய வண்டிகளில் சுவிட்ச் பழுதானால் குரூஸ் கன்ட்ரோல் இயங்க மறுக்கலாம்; புறப்படும்போது எஞ்சின் அடிக்கடி அணையலாம். இவற்றைக் கண்டு எரிபொருள் பம்ப், ஸ்பார்க் பிளக் என்று தேடத் தொடங்குமுன் இச்சிறு சுவிட்ச்சைச் சோதிப்பது நல்லது.

பழுதின் இரு வகைகள்

முதல் வகை, சுவிட்ச் திறந்தே இருப்பது. மழைநீர், தூசி, துரு ஆகியவற்றால் தொடுமுனைகள் ஒட்டாமல் போகலாம். கைப்பிடி திரும்பித் திரும்பி ஒயர் உள்ளே அறுந்திருக்கலாம். அப்போது நியூட்ரலில் வண்டி கிளம்பும். கியரில் கிளட்ச் பிடித்தும் கிளம்பாது. ஓட்டுபவருக்கு உடனே தெரிந்துவிடும்.

இரண்டாம் வகை, சுவிட்ச் மூடியே இருப்பது. முனை சிக்கிக்கொண்டாலோ, ஒயர்கள் ஒன்றோடொன்று உரசினாலோ இது நேரும். வண்டி எல்லா நிலையிலும் கிளம்பும் என்பதால் குறை எதுவும் இருப்பதாகத் தோன்றாது. ஆபத்தானது இந்த இரண்டாம் வகையே.

முதல் வகைப் பழுதுக்குச் சில பட்டறைகளில் செய்யப்படும் அவசர வைத்தியம், சுவிட்ச்சின் இரு ஒயர்களையும் முறுக்கி "டைரக்ட்" கொடுத்துவிடுவது. இது தெரியும் பழுதைத் தெரியாத பழுதாக மாற்றுகிறது. மேட்டில் வண்டி உருளாதிருக்க முதல் கியரில் நிறுத்தும் பழக்கம் நம்மிடம் உண்டு. சைடு ஸ்டாண்ட் சுவிட்ச் இல்லாத வண்டியில் சாவியும் போடப்பட்டிருந்து, முன்னால் உட்கார்ந்த குழந்தை பட்டனை அழுத்திவிட்டால், தடுப்பதற்கு எதுவும் இல்லை. வண்டியை விற்றால் வாங்குபவருக்கும் இது தெரியாது. சுவிட்ச் விலை குறைந்த பாகம், மாற்றுவதும் எளிது.

சோதிக்கும் முறை

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில், பின்சக்கரம் தரையைத் தொடாதபடி நிறுத்த வேண்டும். முன்னால் யாரும் நிற்கக் கூடாது. சைடு ஸ்டாண்டை மடக்கிவிட வேண்டும்.

1. நியூட்ரலில் பட்டனை அழுத்தினால் மோட்டார் சுழல வேண்டும்.
2. முதல் கியரில், கிளட்ச்சையும் பிரேக்கையும் பிடித்து அழுத்தினால் சுழல வேண்டும்.
3. முதல் கியரில், கிளட்ச்சை விட்டு, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பட்டனை ஒரு கணம் மட்டும் அழுத்தினால் சுழலக் கூடாது.

முதலாவது சரியாக இருந்து இரண்டாவது தவறினால், சுவிட்ச்சோ அதன் ஒயரோ, சைடு ஸ்டாண்ட் சுவிட்ச்சோ பழுதாக இருக்கலாம். மூன்றாவதில் மோட்டார் சுழன்றால் சுவிட்ச் மூடியே சிக்கியுள்ளது அல்லது யாரோ "டைரக்ட்" கொடுத்துள்ளார்கள். சென்டர் ஸ்டாண்ட் இல்லாத வண்டியில் மூன்றாவது சோதனையைச் செய்யக் கூடாது. சுவிட்ச்சின் இணைப்பைக் கழற்றி மல்டிமீட்டரால் பார்க்கலாம். நெம்புகோலைப் பிடிக்கும்போதும் விடும்போதும் அளவீடு மாற வேண்டும். மாறாவிட்டால் சுவிட்ச் பழுது.

பராமரிப்பும் வரம்பும்

வண்டி கழுவும்போது நெம்புகோலின் அடியில் நீரை வேகமாகப் பீய்ச்சக் கூடாது. தொடுமுனைகளுக்கான கிளீனர் ஸ்பிரே கொண்டு அவ்வப்போது சுத்தம் செய்யலாம். நெம்புகோலை மாற்றினால், புதியது சுவிட்ச்சின் முனையைச் சரியாகத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். அளவு சற்று மாறிய நெம்புகோலாலும் பழுது போன்ற தோற்றம் உண்டாகும்.

சுவிட்ச் நன்றாக இருந்தாலும் அது முழுப் பாதுகாப்பு ஆகாது. கேபிள் தளர்ந்தோ அறுந்தோ இருந்தால், நெம்புகோலைப் பிடித்தும் கிளட்ச் விலகாது, சுவிட்ச் அனுமதி கொடுத்துவிடும், வண்டி துள்ளும். நெடுநாள் நின்ற வண்டியில் கிளட்ச் தட்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தாலும் இதே நிலைதான். எனவே நியூட்ரல் விளக்கைப் பார்த்து, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்தும் வழக்கம், சுவிட்ச் உள்ள வண்டிகளுக்கும் பொருந்தும்.