கைப்பிடியும் கட்டைவிரலும்

கோல சிலாங்கூர் வட்டாரத்தில், 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் எழுந்த தென்னமரம் பக்கமாகட்டும், புக்கிட் ரோத்தானாகட்டும், பிள்ளைக்குத் தற்காப்புக் கலை என்றதும் பல பெற்றோருக்கு நினைவில் வருவது சிலம்பம்தான். கையில் கம்பும் சுழற்ற இடமும் இருந்தால் அதற்கு நிகரில்லை. ஒருவன் மணிக்கட்டைப் பற்றி இழுக்கும்போது இரண்டுமே இருக்காது. ஆயுதமின்றி நெருக்கத்தில் போராடச் சாமுராய்கள் கையாண்ட உத்திகளிலிருந்து வளர்ந்த ஜூஜிட்சு அந்த இடத்தில் உதவும். ஆனால் தற்காப்புக்காகக் கற்பவருக்கு அதில் மிகக் கொஞ்சமே தேவை. அந்தக் கொஞ்சம் ஊறிப்போயிருக்க வேண்டும்.

மணிக்கட்டுப் பிடியையே எடுத்துக்கொள்வோம். பிடிப்பவனின் நான்கு விரல்கள் ஒரு பக்கம், கட்டைவிரல் மறுபக்கம். இரண்டும் சந்திக்கும் வாய்தான் பிடியின் பலவீனம். கையை நேராகப் பின்னால் இழுத்தால் அவனுடைய முழுப் பலத்தோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். முன்கையின் ஒடுங்கிய விளிம்பை அந்த வாய்க்கு நேராகத் திருப்பி, முழங்கையை மடக்கி அவன் பக்கமாகத் தள்ளினால், முன்கையே நெம்புகோலாகிவிடும்; தோளும் இடுப்பும் தரும் விசை ஒற்றைக் கட்டைவிரல்மேல் விழும். அப்படியானால் உடல் எடைக்கு மதிப்பே இல்லையா? நிச்சயம் உண்டு. ஜூஜிட்சு போட்டிகளிலேயே எடைப் பிரிவுகள் வைத்திருக்கிறார்களே! ஒல்லியான பெண் தடியனைத் தூக்கி எறிவாள் என்பதெல்லாம் விளம்பரப் பேச்சு. விடுபட்டு ஓடுவதுதான் குறி. எதிரில் இருப்பவன் பாராங் கத்தி வைத்திருந்தால் ஓட்டம் ஒன்றே உத்தி.

ஏன் கொஞ்சம் போதும்? தெரிவுகள் கூடக்கூட மூளை பதிலளிக்கும் நேரமும் நீள்வதை 1952இல் உளவியலாளர் வில்லியம் ஹிக் அளந்து காட்டினார். பயிற்சி இந்தத் தாமதத்தைக் குறைக்கும். ஆனால் வாரம் இரண்டு மணி நேரத்தில் ஐம்பது உத்திகளை யாரும் ஊறவைக்க முடியாது. மூன்று உத்திகளை முடியும், அதுவும் விட்டுக்கொடுக்காத துணையோடு பழகினால். சொன்னபடி விழுந்து கொடுக்கும் கூட்டாளியிடம் கற்பது பாதி நாடகம்தான்.

கனடாவின் மூன்று பல்கலைக்கழகங்களில் 893 மாணவிகளிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வு, கொஞ்சம் போதும் என்பதற்கு வலுவான சான்று. வெறும் பன்னிரண்டு மணி நேரப் பயிற்சி. அடுத்த ஓராண்டில் வன்புணர்வுக்கு ஆளானோர், பயிற்சி பெற்றவர்களிடையே 5.2 விழுக்காடு, பெறாதவர்களிடையே 9.8 விழுக்காடு. கைகால் உத்திகள் அதில் ஒரு பகுதியே. தெரிந்த ஆணிடமிருந்து வரும் ஆபத்தை முன்கூட்டியே உணர்வது, கூச்சத்தை விட்டுக் கத்துவது ஆகியவையும் கற்பிக்கப்பட்டன. கனடாப் பல்கலைக்கழகம் வேறு, தோட்டம் வேறு என்பது சரிதான். ஆனால் எல்லாரும் எல்லாருக்கும் மாமா, அண்ணன் என்று வாழும் லயத்தில் கூச்சம் இன்னும் பெரிய தடை. ‘பாதுகாப்புப் பொறுப்பைப் பெண் தலையில் கட்டுகிறீர்களே’ என்ற கேள்வியும் நியாயமானது. குற்றம் செய்தவனைத்தான் சட்டம் தண்டிக்க வேண்டும். அது வந்து சேரும்வரை பெண்ணுக்கு ஒரு வழி வேண்டுமே. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 96ஆம் பிரிவு தற்காப்பு உரிமையை ஏற்கிறது; தேவைக்கு மேல் காயப்படுத்த 99ஆம் பிரிவு இடம் தரவில்லை.

பெற்றோரே, வகுப்பில் சேர்க்கும்முன் பயிற்றுநரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: திமிறும் துணையோடு எவ்வளவு நேரம் பழக விடுவீர்கள்? கத்தக் கற்றுக்கொடுப்பீர்களா? அப்படியே காவல்துறையின் 999, தாலியான் காசே உதவித் தொலைபேசியின் 15999 எண்களையும் பிள்ளையை மனப்பாடம் செய்ய வையுங்கள்.