ஏழு மணிக்குச் செத்துப்போன டிக்கெட்!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஜம்முனு ஓடின புரோகிராம், ஏழு மணிக்குப் படுத்துடுச்சு. நடுவுல ஒரு வரி கூட மாத்தலை. சாமி சத்தியமா!

திண்டிவனத்துல ஒரு கம்ப்யூட்டர் சென்டர். அவங்க வெப்சைட்ல கோர்ஸ் பத்தி விசாரிக்கிறவங்க பேரும் போன் நம்பரும் நேரா ஜோஹோ சி.ஆர்.எம்-ல போய் உட்காரணும். சி.ஆர்.எம்-னா வேறொண்ணுமில்லை... கஸ்டமர் விவரத்தை எல்லாம் எழுதிவைக்கிற பேரேடு. என்ன, இது இன்டர்நெட்ல இருக்கு. நானும் என் ஃப்ரெண்டும் கோடு எழுதி, ஓனர் அண்ணன் முன்னாடி டெமோ காட்டி, விழுப்புரம் ரயில்ல கெத்தா ஏறிட்டோம்.

திங்கட்கிழமை காலைல போன். ‘‘என்னப்பா தம்பி, அட்மிஷன் டைம்ல ரெண்டு நாளா ஒரு என்கொயரி கூட வரலையே?’’

வந்திருந்தது. எர்ரர் லாக்ல 17 தடவை ‘401, இன்வேலிட் டோக்கன்’. வந்தவங்க பேரோ, நம்பரோ எதையுமே நாங்க சேமிக்கலை. 17 பேர் வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டாங்க.

‘‘மச்சி, பாஸ்வேர்டை மாத்திப் பாப்போம்டா’’ன்னான் ஃப்ரெண்ட். எல்லாரும் முதல்ல செய்யறது இதைத்தான். ஆனா, சேல்ஸ்ஃபோர்ஸ் மாதிரி இடத்துல பாஸ்வேர்டை மாத்தினா, கூடவே பழைய செக்யூரிட்டி டோக்கனும் காலி. ஒரு பிரச்னை ரெண்டாகும்!

விஷயம் இதுதான். ஜோஹோ, ஓஆத் 2.0 முறையில உள்ளே விடுது. புரோகிராம் கையில பாஸ்வேர்டைக் கொடுக்காம, ‘ஆக்சஸ் டோக்கன்’னு ஒரு சீட்டு கொடுப்பாங்க. பிளாட்ஃபார்ம் டிக்கெட் ரெண்டு மணி நேரம் செல்லுற மாதிரி, இது ஒரே ஒரு மணி நேரம் செல்லும். நாங்க அந்த டோக்கனை அப்படியே கோடுக்குள்ள ஒட்டிவெச்சிருந்தோம். டெமோ முடியற வரைக்கும் உயிரோட இருந்துச்சு. நாங்க பேரணி தாண்டறதுக்குள்ள உயிரை விட்டுடுச்சு.

டோக்கன் வாங்கும்போதே ‘ரிஃப்ரெஷ் டோக்கன்’னு இன்னொண்ணும் வாங்கிவைக்கணும். அதைக் காட்டினா புது ஆக்சஸ் டோக்கன் கிடைக்கும். அதுக்காக ஒவ்வொரு என்கொயரிக்கும் புதுசு கேட்கக் கூடாது, அதுக்கும் லிமிட் இருக்கு. 401 வந்தா புதுசு வாங்கு, அதே வேலையை இன்னொரு தடவை செய். அப்பவும் 401-னா நிறுத்திட்டு ஆளைக் கூப்பிடு. இதுக்குப் பத்து வரி கோடு போதும்.

எழுதினோம். மறுபடியும் பல்பு! ‘இன்வேலிட் கிளையன்ட்’. ஐ.டி, சீக்ரெட் எல்லாம் எழுத்தெழுத்தா சரிபார்த்தாச்சு. சாப்பாட்டு நேரம் போச்சு. கடைசியில பார்த்தா, அண்ணனோட அக்கவுன்ட் இருக்கிறது ஜோஹோ டாட் இன். நெட்ல சுட்ட எங்க கோடு போய்க் கதவைத் தட்டினது ஜோஹோ டாட் காம். விழுப்புரம் ஜங்ஷன்லேர்ந்து அஞ்சு பக்கம் ரயில் பிரியுது. திண்டிவனம் சீசன் டிக்கெட்டை வெச்சுக்கிட்டு பாண்டிச்சேரி ரயில்ல உட்கார்ந்தா டி.டி.ஆர். சும்மா விடுவாரா? மூணே எழுத்தை மாத்தினோம், கதவு திறந்துச்சு.

அப்புறம் ‘ஸ்கோப் மிஸ்மேட்ச்’னு ஒண்ணு வந்துச்சு. படிக்க மட்டும் பர்மிஷன் வாங்கிட்டு எழுதப் பார்த்தா வராம என்ன செய்யும்? அது அஞ்சு நிமிஷ வேலை.

இதைவிடப் பெரிய கூத்து, சீக்ரெட்டோட சேர்த்து மொத்த கோடையும் கிட்ஹப்ல பப்ளிக்கா போட்டு வெச்சிருந்தான் நம்மாளு. அதை யார் எடுத்தாலும் அத்தனை கஸ்டமர் நம்பரும் அவங்க கையில! ஃபைலை அழிச்சாலும் பழைய ஹிஸ்டரியில இருக்கும்ங்கிறதால, சீக்ரெட்டையே ரத்து பண்ணிட்டுப் புதுசு வாங்கினோம்.

இப்ப என்கொயரி வந்தா முதல்ல எங்க சர்வர்ல ஒரு ஃபைல்ல எழுதிட்டுத்தான் சி.ஆர்.எம் பக்கமே போகுது. அண்ணன்கிட்ட அந்த 17 பேரைப் பத்திச் சொன்னப்போ திட்டலை. ‘‘நம்பராவது இருக்கா தம்பி?’’ன்னு மட்டும்தான் கேட்டார்.