வானொலியில் வந்த உயரம் – 7: ஒரு 'டூ' தின்ற இரண்டாயிரம் அடி

டெனரீஃப் விமான விபத்தையும் 'டேக்-ஆஃப்' என்ற சொல்லையும் போன வாரமே முடித்துவிட்டோம். இந்த வாரம், வானில் இரண்டு விமானங்கள் மோதிக்கொண்ட சர்க்கி தாத்ரி விபத்து என்று சொல்லியிருந்தேன். அதற்காகக் குறிப்புகளைப் புரட்டும்போது குறுக்கே வந்த ஓர் ஓசை நாலு நாளாக என்னை விடவில்லை.

1989 பிப்ரவரி 19, விடியற்காலை. ஃப்ளையிங் டைகர் நிறுவனத்தின் 747 சரக்கு விமானம் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூரின் சுபாங் விமான நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. உள்ளே நான்கு பேர். கட்டுப்பாட்டாளர் சொன்னார்: "டிசெண்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ." 2,400 அடிக்கு இறங்கச் சொல்கிறார். கேப்டன் திருப்பிச் சொன்னார்: "ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ."

அந்த 'டூ' எங்கே போனது? சொன்னவர் வாயில் அது இரண்டு என்ற எண். கேட்டவர் காதில் அது 'வரைக்கும்' என்ற பொருளுள்ள இன்னொரு 'டூ'. திருப்பிச் சொன்னதில் ஓர் இலக்கம் குறைந்ததைக் கட்டுப்பாட்டாளர் பிடிக்கவில்லை. தரை நெருங்குகிறது என்று காக்பிட்டில் எச்சரிக்கை ஒலித்தும் விமானம் மேலே எழவில்லை. பூச்சோங் அருகே, கடல்மட்டத்துக்கு 437 அடி மேலே, குன்றில் மோதியது. அவர்கள் நம்பிய 400 அடிக்குக்கூட வந்துசேரவில்லை. நால்வரும் இறந்தார்கள்.

இதையே தமிழில் சொல்லிப் பார்த்தேன்: 'இரண்டாயிரத்து நானூறு அடிக்கு இறங்கு.' நம் 'கு' கடைசியில் வந்து ஒட்டுகிறது. எண்ணுக்கு முன்னால் நின்று தானும் ஓர் எண்போல ஒலிக்க அதற்கு வழியே இல்லை. வேற்றுமை உருபு பின்னால் வருவதன் அருமை பள்ளிக்கூடத்தில் எனக்கு உறைக்கவில்லை. இந்த விபத்தைப் படித்தபோது உறைத்தது. ஆனால் நம் எண்களிலும் குழி உண்டு. தொண்ணூறையும் நானூறையும் இரைச்சலுக்கு நடுவே சொல்லிப் பாருங்கள், கடைசிப் பாதி இரண்டுக்கும் ஒன்றுதான்!

முறைப்படி 'டூ தௌசண்ட் ஃபோர் ஹண்ட்ரட்' என்று சொல்லியிருந்தால் குழப்பத்துக்கு இடமிருந்திருக்காது. பிரிட்டன் வகுத்திருக்கும் விதி எனக்கு ரொம்பப் பிடித்தது. உயரத்தை அடியில் சொல்லும்போது 'டூ'வுக்கும் எண்ணுக்கும் நடுவில் 'ஆல்டிட்யூட்' என்ற சொல் காவலுக்கு நிற்கவேண்டும். அதிக உயரத்தில், அடிக்குப் பதிலாக 'ஃப்ளைட் லெவல்' என்று சொல்லும் இடத்தில் அந்த 'டூ'வே கிடையாது. ஒரு சின்ன இடைச்சொல்லுக்கு இத்தனை கட்டுக்காவல்!

சர்க்கி தாத்ரி அடுத்த வாரத்துக்குப் போகிறது. 1996 நவம்பர் 12, 349 உயிர்கள். 15,000 அடியில் நிற்கவேண்டிய கஜகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கியது. அதில் டெல்லியோடு பேசிக்கொண்டிருந்தவர் தனியே உட்கார்ந்திருந்த ரேடியோ ஆபரேட்டர். உயரம் காட்டும் கருவி அவர் முன்னால் இல்லை. விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டித்தான் பார்க்கவேண்டும். அவருடைய இருக்கையிலிருந்து தொடங்குவோம்.