எத்தனை நிமிட வெயில்?

ஜான் ஹெர்ஷெல் 1842-ல் கண்ட சயனோடைப் முறைக்கு இருட்டறை வேண்டாம். இரும்பு உப்பு பூசிய தாளின் மேல் நெகட்டிவை வைத்து, கண்ணாடியால் அழுத்தி வெயிலில் போட்டு, பிறகு தண்ணீரில் அலசினால் நீலப் படம் வந்துவிடும். கற்றுக்கொள்ள வருபவர்கள் முதலில் கேட்பது, எத்தனை நிமிடம் வைக்க வேண்டும் என்பதைத்தான். புத்தகங்கள் ஐந்து என்றும் சொல்லும், இருபது என்றும் சொல்லும். சேலம் மாவட்டத்தில் எங்கள் சங்ககிரி மொட்டைமாடியில் இரண்டுமே தப்பாகலாம்.

தாளில் வேலை செய்வது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்தான். மஞ்சள் குண்டு பல்பின் அடியிலேயே தாளுக்கு மருந்து பூச முடிவது அதனால்தான். சாயங்காலம் ஐந்து மணிக்கு சங்ககிரி மலைக்கோட்டை பளிச்சென்று தெரியும். ஆனால் சாய்ந்த கதிர் காற்றில் நெடுந்தூரம் வருவதற்குள் புற ஊதா பெரும்பாலும் வடிந்துவிடும். ஏப்ரல் 20-ஐ ஒட்டி இங்கே நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. அப்போது சட்டென்று ஏறும் படம், மார்கழிக் காலையில் பல மடங்கு நேரம் இழுக்கும். ஆகஸ்ட் 22 வாக்கிலும் சூரியன் உச்சிக்கு வரும்தான், மேகம் விட்டால்!

நிமிடக் கணக்கு இல்லாமலே வேலை செய்யும் வழி பழைய அச்சு முறையில் உண்டு. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் ட்ரைப், ராயக்கோட்டை உள்ளிட்ட அன்றைய சேலம் மாவட்டக் காட்சிகளை 1858-ல் தொகுப்பாக வெளியிட்டார். அந்தக் காலத்து அச்சுக்கு வெள்ளி உப்புத் தாள். அதில் படம் வெயிலிலேயே கருத்து எழும். முதலில் கருத்த இடங்கள் தாமே திரையாகி, அடியில் ஒளி போகாமல் தடுக்கும். அதற்குள் வெளுத்த இடங்களில் விவரம் ஏறிவிடும். நெகட்டிவையும் தாளையும் சேர்த்துப் பிடிக்கும் அச்சுச் சட்டத்தின் பின்பலகை இரண்டாக மடியும். ஒரு பாதியைத் திறந்து பார்க்கலாம், மறு பாதி தாளை நகராமல் பிடித்துக்கொள்ளும். பிறகு படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ கரைசலில் அது வெளுக்கும் என்பதால், வேண்டியதைவிடக் கொஞ்சம் கருக்க விட்டுத்தான் எடுப்பார்கள்.

கடிகாரத்தைவிட அந்தப் பின்பலகையை நம்பலாம் என்பது என் கட்சி. சயனோடைப்புக்கும் அதே சட்டம் போதும். கருநிழல் இடங்கள் நீலமாகி, அதையும் தாண்டிச் சாம்பல் பூக்கும்போது எடுக்க வேண்டும். புதியவர்கள் அந்தச் சாம்பலைக் கண்டு பதறி, பாதியிலேயே எடுத்துவிடுவார்கள். அலசினால் மங்கல் நீலம்தான் மிஞ்சும். சாம்பலான இடமோ, அலசியபின் காற்றுப் பட்டு ஒரு நாளில் தானே ஆழ்ந்த நீலத்துக்குத் திரும்பிவிடும்.