கம்மந்தான் கான் சாகிபு: ஒரு போர் வாழ்வின் கணக்கு

சிவகாசிக்குத் தெற்கே, வெம்பக்கோட்டை வட்டத்தில் உள்ள தாயில்பட்டியை இன்று பட்டாசுத் தொழிலால் நாடறியும். கந்தகமும் வெடியுப்பும் இங்குத் திருவிழாக்களுக்கான சரக்கு. ஏறத்தாழ 260 ஆண்டுகளுக்கு முன் இதே கரிசல் நிலத்தின் வழியே வெடிமருந்து வேறொரு பணிக்காகச் சென்றது. ஏழாயிரம்பண்ணை, கொல்லார்பட்டி, சேத்தூர், கொல்லங்கொண்டான் எனப் பாளையங்கள் நிறைந்த வட்டாரம் இது. இப்பாளையங்களை அடக்கப் பீரங்கிகளோடு வந்தவர்களுள் முதன்மையானவர் முஹம்மது யூசுஃப் கான். மக்கள் அவரைக் கான் சாகிபு என்றனர். படைப்பதவியைக் கொண்டு கம்மந்தான் என்றும் அழைத்தனர். வத்திராயிருப்பை அடுத்த கான்சாபுரம் அவர் பெயரால் அமைந்தது என்பது வழிவழிச் செய்தி.

அவரைப் பற்றி இரு சித்திரங்கள் நம்மிடையே உலவுகின்றன. ஆங்கிலேயரை எதிர்த்துத் தூக்குமேடை ஏறிய வீரர் என்பது ஒன்று. பூலித்தேவரை ஒடுக்கிய கும்பினிக் கூலிப்படைத் தலைவர் என்பது மற்றொன்று. இரண்டிற்கும் சான்று உண்டு. இவற்றுள் ஒன்றை மறைத்து மற்றொன்றை மட்டும் போற்றுவது வரலாறு ஆகாது. இரண்டும் ஒரே மனிதரிடத்தில் எவ்வாறு பொருந்தின என்பதே நாம் ஆராய வேண்டிய வினா.

படைப்பணியில் உயர்வு

இராமநாதபுரச் சீமையின் பனையூரில் 1725 அளவில் பிறந்த அவர், மருதநாயகம் என்னும் பெயருடன் வளர்ந்து இஸ்லாத்தைத் தழுவியவர் என்பது மரபு. ‘கான்’ என்பது முகலாய அரசியலில் பிறப்பைக் காட்டிலும் தகுதியைக் குறித்த பட்டம். பிரபுக் குடியில் பிறவாத ஒருவர் வாள்வலியால் அப்பட்டத்திற்கு உரியவரானது அந்நூற்றாண்டின் இயல்பு.

1752-இல் அவர் இராபர்ட் கிளைவின் படையில் சேர்ந்தார். தொடர்ந்து நடந்த திருச்சிராப்பள்ளிப் போரில், பகைவர் சூழ்ந்த நகருக்கு உணவுப் பொருள்களைப் பாதுகாப்பாகக் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பை ஏற்றார். வழிகளை அறிந்தவர், ஒற்றறிவதில் தேர்ந்தவர், சோர்வறியாதவர். தளபதி ஸ்டிரிங்கர் லாரன்ஸ் அவரைப் பிறவிப் போர்வீரர் என மதித்தார். 1754-இல் கும்பினியின் சுதேசிச் சிப்பாய்கள் அனைவர்க்கும் அவர் தளபதியாக்கப்பெற்றார். தங்கப் பதக்கமும் வழங்கப்பெற்றது.

பாளையங்களின் நிலத்தில்

1755-இல் கர்னல் ஹெரான் தலைமையில் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளுக்குச் சென்ற படையில் யூசுஃப் கானும் இருந்தார். மறு ஆண்டு தம் பொறுப்பில் படை நடத்தி வந்தார். அவருக்கு எதிரே நின்றவர் நெற்கட்டும்செவல் பூலித்தேவர். ஆர்க்காட்டு நவாபின் தமையனார் மஹ்பூஸ் கானே ஒரு கட்டத்தில் பாளையக்காரர் பக்கம் சாய்ந்தார். இப்போர்களைச் சமயப் போர்களாகக் காண்பது எத்துணைப் பிழை என்பதற்கு இதுவே போதிய சான்று.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, யூசுஃப் கான் தெற்கிலிருந்து அழைக்கப்பெற்றார். அவர் வெளியே நின்று பிரெஞ்சுப் படையின் உணவு வழிகளை அறுத்தார். 1759 பிப்ரவரியில் முற்றுகை நீங்கியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. அவ்வாண்டே தெற்கே திரும்பிக் கொல்லார்பட்டியைத் தாக்கினார். டிசம்பரில் வாசுதேவநல்லூர்க் கோட்டையின் முன் தோற்றுப் பின்வாங்கினார். ஆயினும் 1761 மே மாதத்தில் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய பூலித்தேவரின் மூன்று கோட்டைகளும் அவரிடம் வீழ்ந்தன. இவ்வெற்றிகளின் விலையைச் செலுத்தியவர்கள் இம்மண்ணின் மக்களே என்பதை நாம் மறத்தலாகாது.

எவருடைய ஊழியர்?

ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய்க்கு இரு சீமைகளையும் குத்தகையாகப் பெற்ற யூசுஃப் கான், படைத்தலைவர் நிலையிலிருந்து ஆட்சியாளராக உயர்ந்தார். நீர்நிலைகளைச் செப்பனிட்டார், வழிப்பறியை ஒடுக்கினார், மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் வருவாய்க்கு வழிசெய்தார். மதுரையின் கான்சாமேட்டுத் தெரு அவர் நினைவைத் தாங்கி நிற்கிறது.

சிக்கலின் வேரும் இங்கேதான் உள்ளது. ஏட்டளவில் தில்லிப் பேரரசரே தலைவர். அவருக்குக் கீழ் ஐதராபாத் நிஜாம். நிஜாமுக்குக் கீழ் ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி. யூசுஃப் கானுக்கோ பதவி தந்தது கும்பினி. அவர் ஆண்ட நிலம் நவாபின் பெயரில் இருந்தது. நவாபுக்குக் கட்டுப்பட்டு வரி செலுத்துமாறு கும்பினி பணித்தபோது அவர் மனம் கசந்தது. ஆண்டுக்கு 7 இலட்சம் தர முன்வந்தும் பயனில்லை. நவாபிடம் கும்பினிக்குப் பெருங்கடன் வரவேண்டியிருந்தது. அந்நிலையில் திறமிக்க ஊழியரைவிடக் கடன்பட்ட நவாபே அதற்குப் பெரிதாகத் தோன்றினார்.

அதே 1761-இல் மைசூரில் ஹைதர் அலி என்னும் போர்வீரர் அரசையே கைப்பற்றினார். மதுரையில் அது நிறைவேறவில்லை. ஹைதரின் படை அவருடையது. யூசுஃப் கானின் பதவியும் படையும் கும்பினி வழி வந்தவை. அவர் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். ஆனால் 1763 பிப்ரவரியில் பாரிசு உடன்படிக்கை கையெழுத்தாகிவிட்டது. அக்கொடிக்குப் பின்னால் படைவலிமை எதுவும் இல்லை.

முடிவு

1763 செப்டம்பரில் மதுரை முற்றுகை தொடங்கியது. தாம் பயிற்றுவித்த சிப்பாய் முறையையே அவர் எதிர்கொள்ள நேர்ந்தது. மழையால் முற்றுகை தடைபட்டது. 1764 ஜூன் 26-இல் மேஜர் சார்லஸ் கேம்பல் நடத்திய பெருந்தாக்குதலும் முறியடிக்கப்பெற்றது. கோட்டையை வீழ்த்தியது பசியும் வஞ்சகமுமே. அக்டோபர் 13 அன்று திவான் சீனிவாச ராவ், மருத்துவர் பாபா சாகிபு, பிரெஞ்சு அதிகாரி மார்ஷான் ஆகியோர் அவரைப் பிடித்துப் பகைவரிடம் ஒப்படைத்தனர். தொழுகையில் இருந்தபோது பிடிக்கப்பெற்றார் என்பர். 15-ஆம் நாள் மதுரைக்கு வெளியே தூக்கிலிடப்பெற்றார். உடல் துண்டிக்கப்பெற்று வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பப்பட்டதாகச் செய்தி.

சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கத்தின் மேல் 1808-இல் சிறு பள்ளிவாசல் எழுந்தது. ‘கான்சாகிபு சண்டை’ என்னும் கதைப்பாடல் நாட்டார் வழக்கில் வாழ்ந்தது, நா. வானமாமலை அதனைப் பதிப்பித்தார். ஒரு காலத்தில் அவருக்கு அஞ்சிய மக்களே அவர் கதையைப் பாடிக் காத்தனர் என்பது சிந்திக்கத்தக்கது.

யூசுஃப் கான் தொடக்கம் முதலே விடுதலை வீரர் அல்லர். இறுதிவரை கூலிப்படையினராக இருந்தவரும் அல்லர். அந்நியர் ஏற்றிவிட்ட ஏணியில் ஏறி, ஆளும் தகுதியை எய்தி, அதனைத் தமதென்று உரைத்தபோது உயிரிழந்தவர். பூலித்தேவருக்கு அவர் இழைத்ததையும் கும்பினி அவருக்கு இழைத்ததையும் ஒரே ஏட்டில் எழுதும் நேர்மை நமக்கு வேண்டும். நம்மவர் என்பதற்காகச் சான்றைத் திரிக்காதிருப்பதே நாம் அவருக்குச் செய்யும் மரியாதை.