இடம் மாறிய பந்தும் கிண்ணமும்

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற கணக்காசிரியர் ஒருவர் இருக்கிறார். பள்ளியில் நான் அவரிடம் படித்தவன். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் படியில் தவறி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் சில மாதங்களில் வலக்கையைத் தோள் உயரத்துக்குக்கூடத் தூக்க முடியாமற் போயிற்று. தூக்க முயன்றால் தோள்பட்டை மட்டும் காதை நோக்கி எழும்பும்; கை தொங்கியபடியே இருக்கும். வேறொருவர் பிடித்து உயர்த்தினால் தடையின்றி மேலே போகும்; விட்டால் விழுந்துவிடும். தலை வாரவும் அவருக்குத் துணை தேவைப்பட்டது.

"எலும்பும் இருக்கிறது, தசையும் இருக்கிறது. பிறகு ஏனப்பா கை எழவில்லை? நீ பௌதிகம் படித்தவன்தானே, சொல்" என்று ஒருநாள் கேட்டார்.

முதலில் நெம்புகோல் கணக்கைப் பார்ப்போம். ஒரு கையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 3 கிலோ. கையைப் பக்கவாட்டில் கிடைமட்டமாக நீட்டினால், அதன் ஈர்ப்பு மையம் தோள்மூட்டிலிருந்து சுமார் 30 செ.மீ. தொலைவில் இருக்கும். கையைத் தூக்கும் முக்கியத் தசை, தோளைக் குல்லாய்போல் மூடியிருக்கும் டெல்ட்டாய்டு. அது இழுக்கும் கோட்டுக்கும் மூட்டின் மையத்துக்கும் இடையிலுள்ள செங்குத்துத் தொலைவு 3 செ.மீ. அளவே. திருப்புத்திறன்கள் சமமாக வேண்டுமானால், அத்தசை 30 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் இழுக்க வேண்டும். இது வெறுங்கைக்கு! நீட்டிய கையில் ஒரு கிலோ எடையுள்ள செம்பு இருந்தால் இன்னும் 20 கிலோ கூடிவிடும்.

ஆனால் விசை மட்டும் போதாது. தரையில் கிடக்கும் நீண்ட ஏணியை நிமிர்த்துவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் அதன் அடியைக் காலால் மிதித்துக்கொள்வார், மற்றவர் தூக்குவார். மிதிப்பவர் இல்லாவிட்டால் ஏணி நிமிராது, வழுக்கிக்கொண்டு போகும். தோளிலும் இதே நிலைதான். மேற்கை எலும்பின் தலை ஒரு பந்து. அது பொருந்தியிருக்கும் தோள்பட்டை எலும்பின் குழியோ மிகவும் ஆழமற்றது. சிறு தட்டின்மேல் எலுமிச்சம்பழத்தை வைத்ததுபோல. கை தொங்கும்போது டெல்ட்டாய்டின் இழுவிசை பெரும்பாலும் மேல்நோக்கியே இருக்கிறது. அப்போது பந்து மேலே வழுக்காமல் குழியோடு அழுத்திப் பிடிப்பவை நான்கு சிறு தசைகள். இவற்றின் நாண்கள் பந்தைச் சுற்றி உறைபோல் அமைந்துள்ளன. ஏணியின் அடியை மிதிப்பவர் இவரே.

ஆசிரியருக்கு இந்த நாண்கள் பெரிதாகக் கிழிந்திருந்தன. வயதானவர்களிடம் வலியே இல்லாமலும் கிழிசல் இருப்பதுண்டு. விழுந்தபோது அது முழுமையாகியிருக்கலாம். பெரும்பாலான கிழிசல்களுக்குப் பயிற்சியோ தையலோ போதும். இவருக்கோ தசைகள் சுருங்கிக் கொழுப்பாக மாறிவிட்டதால் தையல் பிடிக்காது என்றார் எலும்பு மருத்துவர்.

செயற்கைத் தோள் புதிதன்று. 1893ஆம் ஆண்டிலேயே பாரிஸ் நகரில் பேயான் என்ற அறுவை மருத்துவர், காசநோய் தாக்கிய ரொட்டி சுடும் தொழிலாளி ஒருவருக்குப் பிளாட்டினமும் ரப்பரும் கொண்ட மூட்டைப் பொருத்தினார். கிருமித் தொற்றால் இரண்டு ஆண்டுகளில் அதை எடுத்துவிட நேர்ந்தது. பிற்காலத்தில் வந்த நல்ல மூட்டுகளும் இயற்கையைப் பின்பற்றியவையே: கையில் பந்து, தோள்பட்டையில் குழி. நாண்கள் இல்லாத தோளில் அவையும் வழுக்கின.

அப்படியானால் பந்தைத் தோள்பட்டையிலும் கிண்ணத்தைக் கையிலும் வைத்தால் என்ன? 1970களில் சிலர் முயன்றனர். கிண்ணம் பந்தில் மாட்டிக்கொள்வதால் மேல்நோக்கி வழுக்க வழியில்லை. ஆனால் அந்தப் பந்துகள் ஒரு கழுத்தின் மேல் எலும்பிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. சுவரிலிருந்து நீண்டு நிற்கும் ஆணியில் பாரத்தை மாட்டினால் ஆணி ஆடிப்போகும் அன்றோ? அதேபோல் பிடிப்புத் தளர்ந்தது.

இந்தக் கணக்கைத் திருத்தியவர் பிரான்சு நாட்டின் திழோன் நகர மருத்துவர் பால் கிராமோன். 1985இல் அவருடைய முதல் மூட்டு பொருத்தப்பட்டது. அதில் முழுக்கோளத்தின் மூன்றில் இரண்டு பங்கு இருந்தது. ஆகவே மையம் இன்னும் சற்று வெளியேதான். 1991 வடிவத்தில் அதை அரைக்கோளமாக்கி, கழுத்தே இல்லாமல் எலும்பின்மேல் படியவைத்தார். அரைக்கோளத்தின் மையம் அதன் தட்டையான முகத்தில், அதாவது எலும்பின் பரப்பிலேயே விழுகிறது. பாரம் மையத்தின் வழியே செல்வதால் திருகாணிகளை ஆட்டும் திருப்புத்திறன் மிகவும் குறைந்துவிட்டது.

இன்னொரு நன்மையும் உண்டு. என் மனத்தைக் கவர்ந்தது இதுவே. சுழற்சி மையம் உட்புறம் நகர்ந்ததால், டெல்ட்டாய்டின் செங்குத்துத் தொலைவு கூடியது. 3 செ.மீ. 4 செ.மீ. ஆனதாக வைத்துக்கொண்டால், முன்னே வேண்டியிருந்த 30 கிலோ 22½ கிலோவாகக் குறையும். மையத்தைச் சற்றுக் கீழேயும் இறக்கியதால் தசை விறைப்பாக இழுபட்டு நன்கு வேலை செய்கிறது. புதிய தசை எதுவும் சேர்க்கப்படவில்லை; இருந்த ஒரு தசைக்கே நல்ல இடம் கொடுக்கப்பட்டது.

குறைகளும் இல்லாமலில்லை. டெல்ட்டாய்டின் நரம்பு கெட்டிருந்தால் இந்த மூட்டால் பயனில்லை. கிண்ணத்தின் விளிம்பு தோள்பட்டை எலும்பின் கீழ்ப்பகுதியில் உரசித் தேய்ப்பதுண்டு. அதைத் தவிர்க்கப் பிற்கால வடிவங்களில் மையத்தை மீண்டும் சிறிது வெளியே கொண்டுவந்தார்கள். ஒன்றைப் பெற ஒன்றை விட வேண்டியிருக்கிறது. மூட்டு நழுவுதல், கிருமித் தொற்று போன்ற ஆபத்துகளும் உள்ளன. ஆகவே பெரும்பாலும் முதியவர்களுக்கே இதைப் பரிந்துரைக்கிறார்கள்.

ஆசிரியர் படம் போட்டுக் காட்டச் சொன்னார். பழைய மூட்டு, புதிய மூட்டு இரண்டையும் வரைந்து செங்குத்துக் கோடுகளை இழுத்தேன். என் பென்சிலை வாங்கி ஒரு கோட்டைத் திருத்தினார். அடுத்த மாதம் அறுவை நடந்தது. இப்போது தலை வாரிக்கொள்கிறார். செம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்கிறார். அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோக மட்டும் வரவில்லை. முதுகு தேய்க்க இன்னும் பேரன்தான் வரவேண்டும்.